முதல் மூன்று எழுத்து போதுமா?

கம்பம் என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொல்லி நான்கு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிப்பார். இன்னொருவர் முதல் எழுத்தை மட்டும் பெரியதாக வைப்பார். கைப்பேசியில் அடிப்பவர் அனைத்தையும் சிறிய எழுத்தில் விட்டுவிடுவார். கேப்ஸ் லாக் எரிவதைக் கவனிக்காதவருக்கு முதல் எழுத்து சிறியதாகவும் மற்றவை பெரியதாகவும் விழும். படிக்கிற நமக்கு நான்கும் ஒரே ஊர். கணினிக்கோ அவை நான்கு வெவ்வேறு சொற்கள்.

இதனால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். 'கம்பம் என்று தொடங்கும் வரிகளை மட்டும் எடு' என்று பட்டியலிடம் கேட்கும்போதுதான் இதன் விளைவு தெரியும். நாம் அடித்த வடிவத்தில் உள்ள பிள்ளைகள் மட்டும் திரைக்கு வருவார்கள். மற்றவர்கள் பட்டியலில் இருந்தும் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். பேருந்துப் பயண அட்டை, உதவித்தொகை, மாற்றுச் சான்றிதழ் என எதற்காகத் தேடினாலும் 'அந்தப் பெயர் இங்கே இல்லை' என்ற பதில் ஒரு குழந்தையின் தலையில் வந்து இறங்கும்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். கணினி அறிவியல் என் பாடம் அல்ல. ஆனால் பெயர்ப் பட்டியல் இல்லாத பள்ளி இல்லை. அதில் தேடாத ஆசிரியரும் இல்லை. ஆகவே, ஒரு சொல் இன்னொரு சொல்லின் தொடக்கமாக இருக்கிறதா என்பதை எழுத்தின் பெரிது சிறிது பாராமல் கணினி எப்படிக் கண்டறிகிறது, அதில் நாம் கவனிக்க வேண்டியவை எவை என்பதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முன்னொட்டுச் சோதனை என்றால் என்ன?

கணினியில் எழுத்துகளின் வரிசையைச் 'சரம்' என்கிறோம். நம் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூலும் இச்சொல்லையே பயன்படுத்துகிறது. ஒரு சரத்தின் தொடக்கத்தில் அமைந்துள்ள பகுதி அதன் முன்னொட்டு. 'சின்ன' என்பது சின்னமனூரின் முன்னொட்டு. 'உத்தம' என்பது உத்தமபாளையத்தின் முன்னொட்டு. 'பட்டி' என்பது ஆண்டிபட்டியில் இருந்தாலும் அதன் முன்னொட்டு ஆகாது. அது கடைசியில் நிற்கிறது.

கணினி இதைச் சோதிக்கும் முறை எளிது. முதலில் நீளத்தைப் பார்க்கும். தேடும் சொல், பட்டியலில் உள்ள சொல்லைவிட நீளமாக இருந்தால் விடை 'இல்லை'. நீளம் பொருந்தினால் முதல் எழுத்தோடு முதல் எழுத்தையும், இரண்டாம் எழுத்தோடு இரண்டாம் எழுத்தையும் ஒப்பிடும். எங்கே முதல் வேறுபாடு வருகிறதோ அங்கேயே நிறுத்தி 'இல்லை' என்று சொல்லும். தேடும் சொல் முடியும்வரை வேறுபாடே வராவிட்டால் விடை 'ஆம்'.

தேடும் பெட்டியை வெறுமையாக விட்டால் என்ன ஆகும்? ஒப்பிட எழுத்தே இல்லை. எனவே வேறுபாடும் இல்லை. எல்லாச் சரங்களுக்கும் விடை 'ஆம்'. பெட்டியில் எதுவும் அடிக்காமல் தேடினால் முழுப் பட்டியலும் வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வெற்றுக்கணம் எல்லாக் கணங்களுக்கும் உட்கணம் என்று நாம் கற்பிக்கும் அதே தர்க்கம்தான் இங்கும் இருக்கிறது.

32 என்ற இடைவெளி

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஏ-யின் எண் 65. சிறிய ஏ-யின் எண் 97. பெரிய சி 67. சிறிய சி 99. எந்த எழுத்தை எடுத்தாலும் பெரியதற்கும் சிறியதற்கும் இடையே சரியாக 32 வேறுபாடு இருக்கும். இரும எண் முறையில் எழுதினால் 32-இன் இடத்தில் உள்ள ஓர் இலக்கம் மட்டுமே மாறுகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரும எண்ணை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இன்னொரு செய்தியும் அவர்களுக்கு வியப்பைத் தரும். 1963-இல் வெளிவந்த ஆஸ்கியின் முதல் பதிப்பில் சிறிய எழுத்துகளே இல்லை. அவை 1967 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டன.

67-ம் 99-ம் கணினிக்கு வெவ்வேறு எண்கள். அவை ஒரே எழுத்தைக் குறிக்கின்றன என்பது நாம் சொல்லிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். கணிதத்தில் 2 மீட்டரையும் 150 சென்டிமீட்டரையும் ஒப்பிடும் முன் ஒரே அலகுக்கு மாற்றுகிறோம் அல்லவா? அதையேதான் இங்கும் செய்ய வேண்டும். தேடும் சொல், பட்டியலில் உள்ள சொல் ஆகிய இரண்டையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு முன்னொட்டுச் சோதனையைச் செய்ய வேண்டும்.

'இரண்டையும்' என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பட்டியலை மட்டும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டுத் தேடும் சொல்லைப் பெரிய எழுத்திலேயே விட்டால் ஒருபோதும் பொருந்தாது. நிரல் எழுதத் தொடங்கும் மாணவர்களிடம் இந்தப் பிழையை அடிக்கடி காணலாம். 32-ஐக் கூட்டுவதிலும் கவனம் தேவை. 65 முதல் 90 வரையுள்ள எண்களுக்கு மட்டுமே கூட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் கூட்டினால், 48 என்ற எண்ணுடைய சுழியம் 80 ஆகிப் பெரிய பி-யாக மாறிவிடும்.

பைத்தான் மொழியில் இதற்கெல்லாம் ஆயத்தக் கட்டளைகள் உள்ளன. 'லோயர்' சிறிய எழுத்துக்கு மாற்றும். 'ஸ்டார்ட்ஸ்வித்' முன்னொட்டைச் சோதிக்கும். எக்செல்லில் 'லெஃப்ட்' என்ற சார்பு முதல் சில எழுத்துகளை எடுத்துத் தரும். சமக்குறியிட்டு ஒப்பிட்டால் எக்செல் பெரிது சிறிது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமென்றால் 'எக்ஸாக்ட்' என்ற சார்பு இருக்கிறது. அதேபோல் 'ஃபைண்ட்' பெரிது சிறிது பார்க்கும், 'சர்ச்' பார்க்காது. ஒரே கோப்பில் ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றொன்றையும் பயன்படுத்தினால் இருவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது.

மாற்றிய பிறகே வெட்ட வேண்டும்

ஆங்கிலத்தைத் தாண்டினால் இன்னொரு சிக்கல் வருகிறது. ஜெர்மன் மொழியில் இரட்டை எஸ் ஒலிக்குத் தனி எழுத்து ஒன்று உண்டு. பெரிய எழுத்தில் எழுதும்போது வழக்கமாக அது இரண்டு எஸ் ஆகிவிடும். ஓர் எழுத்து இரண்டாகும்போது சொல்லின் நீளமே மாறிவிடுகிறது. துருக்கி மொழியில் புள்ளியுள்ள ஐ, புள்ளியில்லாத ஐ என இரண்டு எழுத்துகள். அங்கே பெரிய ஐ-யைச் சிறியதாக மாற்றினால் நாம் எதிர்பார்க்கும் ஐ வராது. புள்ளியில்லாத ஐ வரும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் இது: முதல் மூன்று எழுத்தை வெட்டிவிட்டுப் பிறகு மாற்றக் கூடாது. முழுச் சொல்லையும் மாற்றிவிட்டுத்தான் தொடக்கத்தை ஒப்பிட வேண்டும். பல மொழிச் சொற்களுக்குப் பைத்தானில் 'லோயர்' போதாது. ஒப்பிடுவதற்கென்றே 'கேஸ்ஃபோல்டு' என்ற கட்டளை இருக்கிறது. அது ஜெர்மன் எழுத்தை இரண்டு எஸ் ஆக்கிவிடும்.

தமிழில் பெரிய எழுத்து இல்லையே?

இல்லைதான். அதனால் தமிழில் பட்டியல் வைத்தால் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். தமிழுக்கு வேறு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. தேனி என்பதில் நமக்கு இரண்டு எழுத்துகள். யூனிகோடில் அது த, ஏகாரக் குறி, ன, இகரக் குறி என நான்கு குறியீடுகள். கம்பம் நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஆறு. அதில் முதல் இரண்டை மட்டும் எடுக்கச் சொன்னால் 'கம' என்று வரும்; மகரத்தின் புள்ளி வெட்டுப்பட்டுவிடும். க் என்ற மெய்யோடு அகர உயிர் சேர்ந்து க பிறக்கிறது என்று இலக்கணத்தில் கற்பிக்கிறோம். யூனிகோடு இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அங்கே க-வின் எண் 2965. அதனுடன் 3021 என்ற புள்ளியைச் சேர்த்தால் க்; 3006 என்ற கால் குறியைச் சேர்த்தால் கா.

ஆகவே 'த' என்று தொடங்கும் பெயர்களைக் கேட்டால் தங்கம் வருவதோடு தேவியும் திலகாவும் துர்காவும் வருவார்கள். தகர வரிசை முழுவதும் வேண்டுமென்றால் இது வசதிதான். 'த' மட்டும் வேண்டுமென்றால் ஒரு சோதனையைக் கூட்ட வேண்டும்: முன்னொட்டு முடிந்த இடத்துக்கு அடுத்த குறியீடு புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருக்கக் கூடாது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்ற குறியீட்டு முறையையும் யூனிகோடோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. அதில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஆனால் நம் கைப்பேசியும் இணையமும் பேசுவது யூனிகோடு.

இரண்டாவது, ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். போடிநாயக்கனூரின் 'போ'வைப் பாருங்கள். ப-வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அப்போது எண்கள் 2986, 3019. அல்லது இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். அப்போது 2986, 3015, 3006. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. முதல் வகையில் 'போ' என்று தேடினால் இரண்டாம் வகையில் சேமித்த போடிநாயக்கனூர் கிடைக்காது. 'பே' என்று தேடினால் கிடைக்கும்! இந்த இரண்டு வகைகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் விதியை யூனிகோடே வகுத்திருக்கிறது. 'நார்மலைசேஷன்' எனப்படும் அந்தச் செயலைப் பைத்தானில் ஒரே வரியில் செய்துவிடலாம். ஆங்கிலத்துக்குப் பெரிது சிறிது மாற்றம் எப்படியோ, தமிழுக்கு அப்படி இது.

மூன்றாவது, பழைய கோப்புகள். பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகளில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. பாமினியில் சிறிய ஜி-யை அடித்தால் ப, பெரிய ஜி-யை அடித்தால் பு. அங்கே பெரிது சிறிது பாராமல் ஒப்பிட்டால் பல்லும் புல்லும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் நமக்கு உதவிய அதே விதி இங்கே கெடுதல் செய்கிறது. இத்தகைய கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே தேட வேண்டும்.

நாமே முடிவு செய்ய வேண்டியவை

இதுவரை பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கணினியில் ஆயத்தக் கட்டளை உண்டு. இனி வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது.

ராயப்பன்பட்டி, இராயப்பன்பட்டி, லட்சுமி, இலட்சுமி. ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வாரா என்ற இலக்கணத்தைப் பின்பற்றி ஒருவர் இகரம் சேர்ப்பார். வழக்கைப் பின்பற்றி மற்றவர் விட்டுவிடுவார். இரண்டும் சரியே. ஆனால் முன்னொட்டுச் சோதனை முதல் எழுத்திலேயே நின்றுவிடும். அடுத்தது தலைப்பெழுத்து. பெயர் 'மு. செல்வி' என்று பதிவாகியிருந்தால் 'செல்' என்ற தேடலுக்கு அவள் கிடைக்க மாட்டாள். பெயருக்கு முன்னால் தவறி விழுந்த ஓர் இடைவெளிகூடப் போதும், பெயர் மறைந்துவிட. எக்செல்லில் 'ட்ரிம்' என்ற சார்பு முன்பின் இடைவெளிகளை நீக்கிவிடும். தலைப்பெழுத்தைத் தனிப் பத்தியில் வைக்கும் வேலை நம்முடையது.

ஆங்கில எழுத்துக்கூட்டலின் கதை இன்னும் பெரிது. கம்பத்தைச் சி-யில் தொடங்கி எழுதும் பழைய வழக்கமும் இருக்கிறது. கே-யில் தொடங்கி ஒலிப்படி எழுதும் வழக்கமும் இருக்கிறது. 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது நினைவிருக்கும். கோயம்புத்தூர் சி-யை விட்டுக் கே-க்கு மாறியது. சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெரிது சிறிது பாராத எந்தச் சோதனையும் சி-யையும் கே-யையும் ஒன்றாக்காது. அப்படி ஒன்றாக்கவும் கூடாது. தொடர்பில்லாத பெயர்களும் ஒரே பட்டியலில் வந்துவிடும். இந்த ஊருக்கு இந்த இரண்டு எழுத்துக்கூட்டல்கள் என்று ஒரு சிறு அட்டவணை எழுதி வைப்பதே வழி. அப்போதும் ஆந்திரத்தின் கம்பம் ஊரும் ஆங்கிலத்தில் அதே சி-யில்தான் தொடங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. நம் கூடலூருக்கும் நீலகிரியில் ஒரு பெயர்த்துணை இருக்கிறது. மாவட்டப் பத்தியையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் உறுதியாகும்.

எங்கள் பகுதியில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. ஏலத்தோட்ட வேலைக்காகக் குடும்பங்கள் கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக மலை ஏறுகின்றன. சில பிள்ளைகள் அங்கே கேரளப் பள்ளியில் ஓராண்டு, இங்கே ஓராண்டு என்று படிக்கிறார்கள். முத்துலட்சுமி என்ற பெயர் அங்கே ஓர் எழுத்துக்கூட்டலிலும் இங்கே வேறோர் எழுத்துக்கூட்டலிலும் பதிவாகிறது. முழுப் பெயரையும் அடித்துத் தேடினால் 'இல்லை' என்று வரும். உடனே புதிய பதிவு போடத் தோன்றும். ஒரே குழந்தைக்கு இரண்டு பதிவுகள் உண்டானால் பின்னால் சான்றிதழ் வாங்கும்போது அலைச்சல் அந்தக் குடும்பத்துக்குத்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

இந்த இடத்தில்தான் குறுகிய முன்னொட்டு கைகொடுக்கிறது. முத்துலட்சுமியை ஆங்கிலத்தில் எழுதும்போது வேறுபாடுகள் பெரும்பாலும் நடுவிலும் கடைசியிலும் வருகின்றன. எம், யு, டி என்ற முதல் மூன்று எழுத்துகளை மட்டும் பெரிது சிறிது பாராமல் தேடினால் எல்லா வடிவங்களும் கிடைத்துவிடும். கூடவே முத்துக்குமாரும் முத்தையாவும் வருவார்கள்; வரட்டும். வந்தவர்களில் நம் பிள்ளை யார் என்பதைப் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் சொல்லிவிடும். ஞானசேகரனைப் போல முதல் எழுத்தே ஜி என்றும் என் என்றும் மாறக்கூடிய பெயர்களுக்கு இருமுறை தேட வேண்டியிருக்கும்.

ஆகவே, தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில் இது. தேடுவதற்கு முதல் மூன்று எழுத்து போதும். முடிவு செய்வதற்குப் போதாது. முன்னொட்டுச் சோதனை 'இவர்களில் ஒருவராக இருக்கலாம்' என்று மட்டுமே சொல்கிறது. 'இவரேதான்' என்றோ, 'இப்படி ஒருவர் இல்லவே இல்லை' என்றோ சொல்லும் பொறுப்பு பட்டியலைப் பார்க்கும் ஆசிரியருடையது.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் கணினியே வேண்டாம். ஊர்ப்பெயர் அட்டைகளைக் கொடுத்து, 'சின்' என்று தொடங்கும் அட்டைகளை எடுக்கச் சொல்லலாம். எந்த எழுத்தில் வேறுபாடு வந்ததோ அங்கே விரலை வைத்து நிறுத்தச் சொன்னால், கணினி செய்வதைக் குழந்தை தானே செய்துவிடுகிறது. மொழி முதல் எழுத்துகளைக் கற்பிக்கும் நாளில் ராயப்பன்பட்டி, இராயப்பன்பட்டி அட்டைகளைக் கலந்து வைத்தால் நல்ல விவாதம் கிடைக்கும். மேல்நிலை வகுப்பில் பைத்தான் கற்கும் மாணவர்களிடம் கீழ்க்காணும் 7 சோதனைகளைத் தரலாம். ஒவ்வொன்றுக்கும் விடை என்னவாக இருக்க வேண்டும் என்று முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகே நிரலை இயக்க வேண்டும்.

1. ஆங்கிலப் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில். தேடும் சொல் சிறிய எழுத்தில்.
2. தேடும் சொல் பெயரைவிட நீளமானது.
3. தேடும் சொல் வெறுமையானது.
4. பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி.
5. 'த' என்ற தேடலுக்குத் தேனி வர வேண்டுமா, கூடாதா?
6. இரண்டு விதமாகச் சேமித்த போடிநாயக்கனூர்.
7. 'ராய' என்ற தேடலுக்கு இராயப்பன்பட்டி.

ஐந்தாவதற்கும் ஏழாவதற்கும் வகுப்பில் ஒரே விடை வராது. எதற்காகத் தேடுகிறோம் என்று கேட்காமல் அவற்றுக்கு விடை எழுத முடியாது என்பதை மாணவர்களே சொல்லும்வரை காத்திருங்கள்.